முக்கால் கிராம் சதுரம்

“…ஆக, அந்த ஏழாவது நட்சத்திரத்தச் சுத்தி நாம கூடுதலாப் பார்த்தது வாயு இல்ல. ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் நம்ம டீச்சருக்குக் காட்டுன மரியாதை. அப்படித்தானே நீங்க சொல்லுதீங்க?” என்று எடை அறை வாசலில் நின்றுகொண்டு தங்கையா சார் கேட்டார்.

அவர் ‘நீங்க’ என்றதும் எனக்கு உள்ளங்கால் வேர்த்துவிட்டது. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை குறையும். எங்கள் இயற்பியல் துறைத் தலைவர் தங்கையா சாருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் அவருக்கு ‘வே’. ‘என்னவே, எடை போட்டாச்சா?’, ‘வாரும்வே, காப்பி குடிப்போம்.’ அதற்கு முன்னால் அவர் என்னை ‘நீங்க’ என்றது ஒரே ஒரு தடவை. தராசின் பித்தளை எடைக்கற்கள் கறுத்துக் கிடக்கின்றனவே என்று நான் அவற்றைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கி வைத்த அன்றைக்கு. விளக்கினால் பித்தளை தேயும், தேய்ந்தால் எடை குறையும் என்பதை அன்று முழுவதும் அவர் ‘நீங்க, நீங்க’ என்றே எனக்கு விளக்கினார்.

இந்த இரண்டாவது ‘நீங்க’ அதைவிடக் கனமானது. எங்கள் துறையில் பாடம் எடுத்துக்கொண்டே சாரிடம் ஆராய்ச்சி செய்த ஆவுடை டீச்சரின் ஆய்வேடு ஒன்பது நாளில் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. அன்றைக்குள் சேராவிட்டால் டீச்சரின் ஏழு வருஷ உழைப்பு காலாவதி. அந்த ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைத்தான் நான் அன்று காலை சைக்கிளில் போய் உடைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம் ஒரு பிஸ்கட் டப்பா. நான் ஓய்வு பெற்ற பிறகு கல்லூரியில் எடை அறையைக் காலி செய்து கணினிகள் வைக்க ஆரம்பித்தார்கள். அலமாரிக்குள் ஒரு தகர டப்பா, அதற்குள் மலை வடிவில் வெட்டிய காகிதத் துண்டுகள். குப்பையில் போடலாமா என்று புதிதாக வந்த ஆசிரியர்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். “போடுங்க, ஆனா உள்ள ஏழு நட்சத்திரம் இருக்கு, கை சுடாமப் போடுங்க” என்றேன். சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், எழுதிக் கொடுங்கள் என்று ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பேசச் சொன்னால் நான் நிறுத்துவதில்லை என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

என் ஊர் எப்போதும்வென்றான். பேரைக் கேட்டு ஜெயித்த கதையை எதிர்பார்க்க வேண்டாம். மழைக்காக வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்த ஊர். ஆனால் நாங்கள் மேகத்தைத் தாண்டிப் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிறகு கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் தாள் வெட்டும் மிஷினில் பதினோரு வருஷம். அங்கே இரண்டு விஷயம் கற்றேன்.

ஒன்று, தாளை விரலால் படிப்பது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தால் போதும். கனத் தாளா, லேசுத் தாளா, மழைக்கு நமுத்ததா, எல்லாவற்றையும் விரல் சொல்லிவிடும்.

இரண்டாவது, மாதிரி. ஒரு தீப்பெட்டி ஆபீஸ்காரர் லேபிளுக்கு ஆர்டர் கொடுத்தால், முதலில் அடித்த ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அதற்கு மாதிரி என்று பேர். வருஷம் முழுக்க எத்தனை லட்சம் அடித்தாலும் ஆணியில் தொங்கும் அந்த ஒரே மாதிரியோடுதான் ஒப்பிட வேண்டும். மாதிரியை மாற்றினால் லேபிளில் இருக்கும் சேவலின் கொண்டை நிறம் மாறும், சேவல் மாறினால் வியாபாரம் போகும். ‘பொண்டாட்டிய மாத்துனாலும் மாதிரிய மாத்தாத’ என்பது எங்கள் போர்மேன் சொலவடை. அவர் இரண்டையும் மாற்றாமல் செத்துப்போனார்.

இந்தப் பாடத்தோடு கல்லூரியில் ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்தேன். மற்றதெல்லாம் பிள்ளைகள் பரீட்சை முடிந்து விட்டுப்போன புத்தகங்களில் படித்ததும், சாரிடம் கேட்டு நச்சரித்ததும்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தங்கையா சாரும் ஆவுடை டீச்சரும் இளம் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டார்கள். நட்சத்திரம் பிறக்கும்போது தனியாகப் பிறப்பதில்லை. அதைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருக்கும், திரிகையைச் சுற்றி மாவு கிடப்பதுபோல. அந்தத் தூசி ஒன்றோடொன்று ஒட்டி, உருண்டு, திரண்டுதான் பூமி மாதிரிக் கோள்கள் உண்டாகின்றன. வியாழன் மாதிரிப் பெரிய கோள் வேண்டுமானால் வாயுவும் நிறைய வேண்டும். அந்த வாயுவோ நிரந்தரமாக இருக்காது, கலைந்து போய்விடும். ஆகவே ஒரு தட்டில் இன்னும் எவ்வளவு வாயு மிச்சம், எவ்வளவு தூசி மிச்சம் என்று அளந்தால், அந்த வீட்டில் இனி என்னென்ன பிள்ளைகள் பிறக்கும் என்று ஊகிக்கலாம். நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள வெளியில் தூசி ஒரு பங்கு என்றால் வாயு நூறு பங்கு என்பது புத்தகக் கணக்கு. தட்டுகளில் அந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்பதுதான் டீச்சரின் ஆய்வு.

பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஒருநாள், இப்போ என்ன வேலை பார்க்குதீரு என்று ஒருவர் கேட்டார். நட்சத்திரத்தைச் சுற்றி இருக்கிற தூசியை எடை போடுகிறேன் என்றேன். அவர் தன் டீயின் மேல் விழுந்திருந்ததை விரலால் வழித்துவிட்டு, “ஏன், நம்ம ஊர்த் தூசியெல்லாம் எடை போட்டு முடிச்சாச்சா?” என்றார். ஆடி மாதம் கோவில்பட்டியில் நின்று பார்த்தவருக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும்.

எடை போட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். வெளி மாநிலத்தில் ஒரு பெரிய ஆன்டெனா. மார்கழி, தையில் காற்று வறண்டிருக்கும்போது சாரும் டீச்சரும் ரயிலேறிப் போய் அதை நட்சத்திரத்தின் பக்கம் திருப்பிவிட்டு வருவார்கள். தட்டில் இருக்கும் வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன். அது லேசில் வாய் திறக்காது. கூடவே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அடுப்பு சரியாக எரியாவிட்டால் வருமே, அதேதான். அது ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் பேசும். பெரிய ஆள் வாய் திறக்காவிட்டால் கூட வந்தவரிடம் விசாரிப்பது உலக வழக்கம்தானே. அந்தப் பேச்சை ஆன்டெனாவில் பிடித்து, கட்டம் போட்ட நீளத் தாளில் பேனா வரையும். வாயு சுற்றிக்கொண்டிருப்பதால் ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும், மறுபக்கம் விலகிப் போகும். அதனால் கோடு இரண்டு முகடாக எழும்பி நடுவில் பள்ளம் விழும். தூசிக்குத் தனிக் குரல் கிடையாது. சும்மா வெதுவெதுப்பாக ஒளிரும். ஆன்டெனா அதைக் கடந்து போகும்போது பேனா ஒரே மேடாக ஏறி இறங்கும். இரண்டிலும் மேட்டின் பரப்புதான் சரக்கின் அளவு.

பரப்பை இன்றைக்குக் கணினி ஒரு பொத்தானில் சொல்லிவிடும். அன்றைக்கு எங்கள் கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு கணினி. அது குளிர்சாதன அறையில் இருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கும்பிட்டு வரலாம். ஆன்டெனா நிலையம் கொடுத்த நாடா அதன் வாயில் நுழையவில்லை. ஆகவே சார் பழைய வழி ஒன்றைச் சொன்னார். அந்த மேட்டைக் கத்தரிக்கோலால் கோட்டின் மேலேயே வெட்டி எடுத்து, ரசாயனத் தராசில் எடை போடு. அதே தாளில் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் ஒரு சதுரம் வெட்டி அதையும் எடை போடு. சதுரத்தின் பரப்பு தெரியும், இரண்டின் எடையும் தெரியும், மேட்டின் பரப்பு தானே வந்துவிடும்.

“ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாக. நாம ஆகாசத்துல இருந்தே அளந்து எடுக்கோம்வே” என்றார். என்னைப் போலவே சொலவடைப் பைத்தியம். எங்களுக்கு ஒத்துப்போனதில் ஆச்சரியமில்லை.

மூலத் தாளை வெட்டக்கூடாது. அதனால் ஊரில் தர்மராஜ் அண்ணாச்சி கடையில் ஜெராக்ஸ் எடுத்து அந்த நகலைத்தான் வெட்டுவோம். கடைக்குப் போவது என் வேலை. வெட்டுவதும் என் வேலை. விரல் வேர்வை பட்டால் தாளின் எடை கூடிவிடும் என்று சார் எனக்கு ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறை வாங்கிக் கொடுத்தார். வெட்டிய துண்டை இடுக்கியால் எடுத்துத் தராசுத் தட்டில் வைக்க வேண்டும். ஜன்னலைச் சாத்த வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், தராசின் கண்ணாடிக் கதவை இறக்க வேண்டும், முள் நிற்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. ஒவ்வொரு துண்டையும் மூன்று வெவ்வேறு நாளில் மூன்று தடவை. பிறகு துண்டு பிஸ்கட் டப்பாவுக்கு, வெட்டியது போக மிச்சத் தாள் அந்தந்த நட்சத்திரத்தின் கவருக்கு. சித்திரை மாதம் மத்தியானம் கோவில்பட்டியில் விசிறியை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால், நட்சத்திரம் பிறக்கும் இடத்தின் வெப்பம் ஓரளவு புரியும்.

அந்த அறைக்குள் வரக்கூடாத ஒரே ஆள் தங்கையா சார்தான். காரணம் மூக்குப்பொடி. வாழ்நாள் முழுக்கத் தூசியை ஆராய்ந்தவர், மணிக்கு ஒரு தடவை தானே ஒரு சிட்டிகை தூசியை மூக்கில் ஏற்றிக்கொள்வார். முதல் வருஷம் அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தும்மல் போட்டார். முதலாவது நட்சத்திரத்தின் தூசி மேடு தட்டிலிருந்து எழும்பிப் பறந்தது. தரையில் தேடினோம், அலமாரிக்குப் பின்னால் தேடினோம், என் தலைமுடியில்கூட டீச்சர் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் சார் கல்லூரி மைதானத்தில் வெயிலுக்குக் குடையை விரித்திருக்கிறார். உள்ளேயிருந்து ஒரு நட்சத்திரத்தின் தூசி மொத்தமும் அவர் தலையில் இறங்கியது. கால்பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம்.

அன்றைக்கே பெயின்ட் வாங்கி வரச் சொல்லி எடை அறை வாசலில் ஒரு சிவப்புக் கோடு போடவைத்தார். “நான் இந்தக் கோட்டத் தாண்டுனா உள்ள விடாதீரும்வே. பொடிய விடுதவரைக்கும் எனக்கு இங்கனதான் இடம்.” பொடியையும் விடவில்லை, கோட்டையும் தாண்டவில்லை. ஆறு வருஷம் வாசலில் நின்றேதான் எண்களைக் கேட்டு எழுதிக்கொள்வார். மழைக்குக்கூட உள்ளே ஒதுங்கியதில்லை.

சாரின் விதி, ஒவ்வொரு தாளுக்கும் அந்தத் தாளின் ஓரத்திலேயே ஒரு சதுரம். முதல் நட்சத்திரத்துக்கு வெட்டினேன். முக்கால் கிராம். இரண்டாவதுக்கு வெட்டினேன். முக்கால் கிராம். அப்போது எனக்குள் இருந்த அச்சக ஆள் விழித்துக்கொண்டான். ஒரே கடை, ஒரே தாள், மாதிரி ஒன்று இருக்கும்போது எதற்கு வீணாக வெட்டுவது? அந்த முதல் சதுரத்தின் மூலையில் பென்சிலால் ‘மாதிரி’ என்று எழுதிப் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்துவிட்டேன். அதன் பிறகு சதுரம் வெட்டவே இல்லை. நோட்டில் மட்டும் ‘சதுரம்: முக்கால் கிராம்’ என்று ஒவ்வொரு முறையும் எழுதினேன். சார் ஒருநாள் வாசலில் நின்று அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, தாள் ஒரே சீரா இருக்குவே, நல்ல கடை என்று பாராட்டினார். பாராட்டை நானும் தர்மராஜ் அண்ணாச்சியும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டோம்.

ஆறு நட்சத்திரம் முடிந்தது. வரைபடத்தில் ஆறு புள்ளியும் வரப்பில் நட்ட பனைபோல் ஒரே வரிசையில் நின்றன. ஏழாவதுதான் ஊர் இரண்டுபட்ட கதை. அதன் தூசித் தாள் முன்பே வந்திருந்தது. நான் நகல் எடுத்து எடை போட்டும் முடித்திருந்தேன். வாயுத் தாள் மட்டும் மேகமூட்டத்தால் தள்ளிப்போய் ஒரு வருஷம் கழித்து வந்தது. வெட்டி எடை போட்டால், வரிசைக்கு மேலே மூன்றில் ஒரு பங்கு அதிகம். மூன்று நாள் மூன்று தடவை போட்டேன். அதே அதிகம்.

சார் வாசலில் நின்று அந்த எண்ணைக் கேட்டதும் பொடி டப்பாவைத் திறந்து, போடாமலே மூடினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஆவுடை டீச்சர் அத்தியாயத்தை உட்கார்ந்து எழுதினார். இந்த நட்சத்திரம் மற்றவற்றைவிட இளையதாக இருக்கலாம், இதன் வாயு இன்னும் கலையவில்லை, இங்கே பெரிய கோள்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தட்டச்சும் ஆகிவிட்டது. டீச்சர் முகத்தில் ஏழு வருஷத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம். பிள்ளைகள் இரண்டு, வாரம் முழுக்க வகுப்பு, அதற்கு நடுவில் நடந்த படிப்பு அது. “எங்க அத்தை சொல்லுவாக அண்ணாச்சி, இந்த ஏழு வருஷத்துக்கு ஜோசியம் படிச்சிருந்தா நாலு பேருக்கு நட்சத்திரம் பார்த்துச் சொல்லியிருக்கலாம்னு. இனி சொல்ல மாட்டாக” என்றார்.

பிறகுதான் அந்தக் காலை. ஆய்வேட்டின் பக்கங்களைப் பிரதி எடுக்கத் தாள் பேசிவிட்டு வரலாம் என்று தர்மராஜ் அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

“எந்தத் தாள்ல போடணும் அண்ணாச்சி? எப்பவும் போடுத சாதாத் தாளா, அன்னைக்கு டீச்சருக்குப் போட்ட நல்ல தாளா?” என்றார்.

என்னைக்கு என்று கேட்டேன்.

“அதான், நட்சத்திரப் படம் ஒண்ணு கொண்டுவந்தாகளே. எப்பவும் நீங்கதான வருவீக, அன்னைக்கு அவியளே நேர்ல வந்துட்டாக. எம்மவளுக்குப் பாடம் எடுத்தவுக. அவியளுக்குப் போயி சாதாத் தாள்லயா போடுதது? கல்யாணப் பத்திரிகைக்கு வச்சிருந்த கனத் தாள்ல போட்டுக் கொடுத்தேன். கூடக் காசும் வாங்கல.” சொல்லும்போது அவர் முகத்தில் நிறைவு.

எனக்கு நினைவு வந்தது. வாயுத் தாள் தபாலில் வந்த வாரம் எனக்குக் காய்ச்சல். டீச்சர்தான் போய் நகல் எடுத்து வந்து மேஜையில் வைத்திருந்தார்.

கடைக்காரர் இரண்டு தாளையும் எடுத்து நீட்டினார். விரலில் தேய்த்தேன். தேய்க்கக்கூட வேண்டியதில்லை, தொட்டதுமே தெரிந்தது. பதினோரு வருஷம் தாளைத் தொட்டே சாப்பிட்டவன் இந்த வித்தியாசத்தை எப்படி விட்டேன்? கையுறை. வெட்டும்போது கையுறை, எடுக்கும்போது இடுக்கி. என் விரலைத் தவிர எல்லாமே அந்தத் தாளைத் தொட்டிருந்தன. வேர்வை படாமல் காப்பாற்றி, விவரம் படாமலும் காப்பாற்றிவிட்டோம்.

இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு வண்டி, நீளம் குறையவே இல்லை. கேட்டில் நிற்கும்போது மனசு கெட்ட யோசனைகளுக்கெல்லாம் வழி விடும். ஏன் சொல்ல வேண்டும்? அத்தியாயம் தட்டச்சாகிவிட்டது. அந்த நட்சத்திரத்துக்குப் போய் யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்? டீச்சருக்குப் பட்டம், சாருக்குப் பேர், எனக்கும் ஒரு காப்பி. சொன்னால் என்ன கிடைக்கும்? கம்புக்குக் களை வெட்டின மாதிரியும் தம்பிக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஒரே வேலையில் இரண்டைச் சாதித்தவர்கள் உண்டு. நானோ ஒரே வேலையில் இரண்டு பேரைக் கவிழ்த்துவிடுவேன்.

சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டி போனது. கேட் தூக்கினார்கள். அத்தனை பேரும் மணி அடித்துக்கொண்டு முண்டினார்கள். நான் மட்டும் நின்றேன். அப்போது எனக்குப் பட்டது ஒன்றுதான். அந்தத் துண்டுத் தாள்கள் டப்பாவில்தான் இருக்கின்றன. நாளைக்கு வேறு எவனாவது கையுறை இல்லாமல் அதைத் தொட்டால், டீச்சர் பேரில் அல்லவா பொய் நிற்கும்? என் பேர் அதில் எங்கேயும் இல்லை. மாட்டிக்கொள்ள என்னால் முடியாது. மாட்டிவிடத்தான் முடியும்.

டீச்சர் எடை அறையிலேயே இருந்தார். வாயால் சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை. கையுறையை மாட்டினேன். இரண்டு தாளிலும் ஒவ்வொரு சதுரம் வெட்டினேன். விசிறியை நிறுத்தினேன். டீச்சரும் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முதல் சதுரம், முக்கால் கிராம். இரண்டாவது சதுரம், ஒரு கிராம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பிறகு ஏழாவது நட்சத்திரத்தின் கவரைத் திறந்து, வெட்டியது போக மிச்சமிருந்த வாயுத் தாளின் ஓரத்தில் ஒரு சதுரம். அதுவும் ஒரு கிராம்.

முள் நின்று வெகு நேரம் ஆகியும் டீச்சர் மூச்சு விடவில்லை. அப்புறம் முழுவதையும் சொன்னேன். கடைக்காரர் செய்த மரியாதையை, நான் செய்த மாதிரியை, வெட்டாத சதுரத்துக்கு நோட்டில் நான் எழுதிய முக்கால் கிராமை.

“அப்போ அது மத்த ஆறு கூடவே வரிசையில வந்துருது, இல்லையா அண்ணாச்சி?” என்றார்.

வரும், ஆனால் முதல் இரண்டைத் தவிர மற்றவற்றுக்கும் நான் சதுரம் வெட்டவில்லையே, அதையும் இப்போது எப்படி நம்புவது என்றேன். 

எல்லாவற்றையும் முதலிலிருந்து போட என்ன ஆகும் என்று டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். ஏழு நட்சத்திரம், ஆளுக்கு இரண்டு தாள், பதினாலு சதுரம். ஒவ்வொன்றும் மூன்று நாள் மூன்று தடவை. அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டும், திரும்பத் தட்டச்சு, திரும்பக் கணக்கு. கையில் ஒன்பது நாள். அதில் ஒரு ஞாயிறு, ஒரு பங்குனி உத்திரம். எண்ணி முடித்த விரல்களை மடக்கவில்லை. அழுவார் என்று நினைத்தேன். “தர்மராஜ் அண்ணாச்சிகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. மனசு கஷ்டப்படுவாக” என்றார்.

அந்த நேரத்தில்தான் தங்கையா சார் வழக்கம்போல் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். எங்கள் முகத்தைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என்னவே என்றார். எல்லாவற்றையும் இரண்டாம் முறை சொன்னேன்.  அவர் கேட்டு முடித்துவிட்டுத்தான், நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார், ‘நீங்க’ போட்டு.

“ஆமா சார்” என்றேன்.

சட்டைப் பையிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார். ஒரு சிட்டிகை ஏற்றிக்கொண்டுதான் திட்ட ஆரம்பிப்பார் என்று நின்றேன். அவர் அதைத் திறக்கவில்லை. வெளி ஜன்னல் கட்டையில் வைத்தார். வராந்தாக் கோடியில் இருந்த குழாய்க்குப் போனார். அவர் மூக்கைச் சிந்திய சத்தம் வேதியியல் துறை வரைக்கும் கேட்டிருக்கும், மூன்று தடவை. முகம், கை, கால் கழுவி, மீசையைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தார். டீச்சர் எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அவர் உட்காரவில்லை. நேரே என்னிடம் வந்து, என் இடது கையைப் பிடித்து, அதிலிருந்த கையுறையைத் தானே உருவித் தன் கையில் மாட்டிக்கொண்டார். பிறகு முதல் நட்சத்திரத்தின் கவரைத் திறந்து, உள்ளேயிருந்த தாளை எடுத்து, வெறுமையாக நின்ற என் விரல்களிடம் நீட்டினார்.